கலவானையில் ஒரு கணனி அறை

இரத்தினபுரியிற் பஸ் ஏறி அமர்ந்ததுமே மழை பிடித்துக்கொண்டது. சப்ரகமுவ மாகாணத்திற்கு மழை புதிதன்று. 2017ஆம் ஆண்டு மே மாத இறுதியிற் பெய்த பெருமழையில் இப்பகுதி மலைகள் சரிந்து பல உயிர்கள் மாண்டதை நாடே அறியும். வழிநெடுகத் தேயிலையும் றப்பரும் மாறிமாறி வருகின்றன. கலவானையைத் தாண்டி அப்பாற் சென்றால், 1988ல் உலக மரபுரிமையென யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட சிங்கராஜ வனத்தை அடையலாம். உல்லாசப் பிரயாணிகள் அதற்காகவே இவ்வழி வருகின்றனர். நாமோ தோட்டமொன்றிலுள்ள கணனி அறையைக் காணச் சென்றோம். "அதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று பக்கத்து ஆசனத்துப் பெரியவர் வியந்தார்.

கோயிலையொட்டிய பழைய வாசிகசாலைதான் அவ்வறை. நான்கு கணனிகள், அவற்றுள் ஒன்று ஓய்வு பெற்றுவிட்டது. ஓர் அச்சுப்பொறி. சுவரில் சரஸ்வதி படம், அதன் கீழே மின்கட்டணச் சிட்டை. தோட்டத்துப் பிள்ளையாய்ப் பிறந்து கொழும்பிற் சில காலம் வேலை பார்த்துத் திரும்பிய இளைஞர் ஒருவர், மாலைவேளைகளில் இங்கு இலவசமாகக் கற்பிக்கிறார்.

இத்தகைய அறைகளுக்கு நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு. 1989ல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையுடன் இணையத்தை மக்களுக்குத் திறந்துவிட்டது. கேள்வியை மக்கள் எழுதியனுப்புவர். அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடி வானொலியிற் சொல்வார். கணனியைக் கண்ணாற் காணாத விவசாயியும் இணையத்தை இவ்வாறு காதாற் கேட்டார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்கள் தாமே பயன்படுத்தக் கணனிகள் வைக்கப்பட்டன. உலகின் பல பாகங்களிலுமிருந்து ஆய்வாளர் வந்து இதனைப் பார்த்துச் சென்றனர். நம்மவர்தாம் எளிதில் மறந்துவிட்டோம்.

பின்னர் 2005 முதல் அரசாங்கம் 'நெனசல' நிலையங்களைத் திறந்தது. அறிவுச் சாலை என்பது அச்சொல்லின் பொருள். விகாரை, கோயில், நூலகம், சுனாமி அகதி முகாம் என இடம் கிடைத்தவிடமெல்லாம் கணனிகள் வைக்கப்பட்டன. 2014ல் பில், மெலின்டா கேட்ஸ் நிதியத்தின் பத்து லட்சம் டொலர் விருதும் இத்திட்டத்திற்குக் கிடைத்தது. விருது பெறுவது ஒன்று. பழுதான இயந்திரத்தைத் திருத்த ஆள் தேடுவது வேறொன்று. நாடா வெட்டித் திறந்துவைக்க வருவோர், விசைப்பலகை மாற்ற வருவதில்லை என்பது எமது அனுபவம்.

இன்று கையடக்கத் தொலைபேசி லயன்களிலும் புகுந்துவிட்டது. இனிக் கணனி அறை எதற்கு என்று கேட்போருளர். 2021ல் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, ஊவாவிலுள்ள போகிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் தொலைபேசியில் அலை கிடைப்பதற்காக மூன்று கிலோமீற்றர் காடு கடந்து பாறையுச்சி ஏறினார்கள். கையிற் கருவி இருந்தும் பாறை ஏறவேண்டியிருந்தது.

நாம் பேசிக்கொண்டிருக்கையில் றப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் மகளுடன் நனைந்தபடி வந்தார். அம்மாணவி இரத்தினபுரியில் உறவினர் வீட்டிலே தங்கி உயர்தரம் படித்தவள். கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு. பல்கலைக்கழக விண்ணப்பத்தை இணையத்திற் பூர்த்தி செய்யவேண்டும். முடிவுத் திகதிக்கு இரண்டு நாட்களே எஞ்சியிருந்தன. தொலைபேசியில் மூன்று முறை முயன்று மூன்று முறையும் பாதியில் அறுந்துபோயிற்றாம்.

பிறப்புச் சான்றிதழை விரித்தார்கள். சிங்களத்தில் எழுதப்பட்ட அச்சான்றிதழிலே தகப்பனார் பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தது. மலையகத்தில் இந்த ஓரெழுத்துக்காக எத்தனை பேர் கச்சேரிக்கு நடந்திருப்பார்கள்!

"பேரு தப்பா இருந்தா புள்ளைய எடுக்கமாட்டாங்களா சார்?" என்றார் அவர்.

"புள்ள பேரு சரியாத்தான் இருக்குங்க அண்ணே. ஒங்க பேரத் திருத்திக்கலாம், மொதல்ல இத அனுப்புவோம்" என்றார் இளைஞர்.

அவள் விசைப்பலகையின் முன் அமர்ந்தாள். மூன்றாம் பக்கம் வரை வந்ததும் மின்சாரம் போயிற்று. ஒருவரும் பேசவில்லை. தகரக் கூரையில் மழை மட்டும் பேசிற்று. எமது கடைசி பஸ்ஸுக்கு நேரம் நெருங்கிற்று. எழ மனம் வரவில்லை. பொழுதைப் போக்க, ரெங்கநாதன் முறையில் தட்டெழுதப் பழகிய எமது பழம்பெருமையை இளைஞரிடம் அளந்தோம். அவரோ ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று தட்டினால் திரையிற் தமிழே வந்துவிடுகிறதே என்று சிரித்தார். எம்மிடம் மறுமொழி இல்லை.

முக்கால் மணி கழித்து விளக்கு எரிந்தது. முன்னர் நிரப்பிய பக்கங்களை இளைஞர் சேமித்து வைத்திருந்தார், நல்ல வேளை. அவள் பாடநெறிகளை விருப்ப வரிசைப்படி ஒவ்வொன்றாகத் தெரிவு செய்தாள். எதை முதலில் இடுவதென்று எம்மைக் கேட்டாள், தெரிந்ததைச் சொன்னோம். ஏற்கப்பட்டது என்ற வாசகம் திரையிற் தோன்றியதும் தகப்பனார் அதனைத் தமிழில் வாசிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார்.

அச்சுப்பொறியிலிருந்து வந்த தாள்களைச் சோற்றுப் பார்சல் கொண்டுவந்த பொலித்தீன் பையிற் சுற்றிச் சட்டைக்குள்ளே வைத்துப் பொத்தானிட்டுக்கொண்டார்.

"காசு எவ்வளவு தம்பி?"

"தாளுக்கு மட்டும் குடுங்கண்ணே."

பஸ்ஸைத் தவறவிட்ட நாம் அன்றிரவு கோயில் மடத்திலே தங்கினோம்.