அம்மாவின் கைக்கு ஒரு கரடி

ஃபர் துணியை வெட்டும்போது கத்தரிக்கோலின் நுனி மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். துணியைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் அட்டையை வைத்து வரைந்துகொண்டு, அடித்துணியை மட்டும் சின்னச் சின்னதாக நறுக்கிக்கொண்டே போக வேண்டும். ரோமத்தையும் சேர்த்து வெட்டினால் தையல் ஓரமெல்லாம் மொட்டையாகிவிடும். ரோமம் எந்தப் பக்கம் படிகிறது என்று தடவிப் பார்த்து ஒவ்வொரு துண்டிலும் அம்புக்குறி போட வேண்டும். இடக்கைக்கு வரைந்த அட்டையைத் திருப்பிப் போட்டுத்தான் வலக்கைக்கு வரைய வேண்டும். இதையெல்லாம் நான் ஐம்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டேன். அந்த வயதில் கரடி பொம்மை தைக்கிறேன் என்று வெளியே சொல்ல நெடுநாள் கூச்சமாக இருந்தது. யாருக்காகத் தைத்தேன் என்று சொல்ல அதைவிடக் கூச்சம். அம்மாவுக்காகத் தைத்தேன்.

அம்மா நாகர்கோவில் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தாள். காடாத் துணியில் ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், காம்புத் தையல், மீன்முள் தையல் என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போட்டு நோட்டில் ஒட்டுவார்கள். அம்மா முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டாள். ஒட்டுவதற்கு முன்னாலேயே துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் மார்க் போடுவாள். முடிச்சு தெரியக் கூடாது, நூல் குறுக்கே பாய்ந்து போகக் கூடாது. வீட்டில் எனக்கும் அதே சட்டம்தான்.

எங்கள் ஊரில் இந்தக் கறாருக்குப் பழைய வேர் உண்டு. லண்டன் மிஷனின் சார்லஸ் மால்ட் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தார். அவர் மனைவி மார்த்தா மால்ட் இங்குள்ள பெண்களுக்குத் தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். லேஸ் விற்ற காசில் அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு என்று சபை வரலாறுகள் சொல்கின்றன. மார்த்தாவின் மகள் எலைசா, 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கைவேலையையும் கொண்டுபோனார். ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ எழுதியவரின் வீட்டில் லேஸ் கட்டைகளும் உருண்டுகொண்டிருந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அம்மா சிறுமியாக இருந்தபோது பெரியவர்களிடமிருந்து கற்றது இந்த வழியில் வந்த வேலை. அவள் அதை ரேந்தை என்றுதான் சொல்வாள். அவள் பின்னிய மேசை விரிப்பும் தலையணை ஓரங்களும் பழைய சேலையில் சுற்றி, நாப்தலின் உருண்டையோடு பீரோவில் இருந்தன. வருஷத்துக்கு ஒருமுறை வெயிலில் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வைப்போம்.

பிறகு அம்மாவுக்கு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு பெயர்கள், பிறகு எங்கள் முகங்கள். நினைவில் புதிதாய்ச் சேர்ந்தவைதான் முதலில் உதிரும், கை பழகிய வேலை நெடுநாள் தங்கும் என்று டாக்டர் சொன்னார். அதை நாங்கள் கண்ணாலேயே பார்த்தோம். ராத்திரி என்ன சாப்பிட்டாள் என்று தெரியாது. ஆனால் சாயங்காலமானால் விரல்கள் சும்மா இருக்காது. முந்தானையைச் சுருட்டும், போர்வையின் இழையை உருவும், நைட்டியின் மடிப்புத் தையலை நகத்தால் பிரிக்கும். போர்வைகள் ஓரமெல்லாம் குஞ்சம் குஞ்சமாய்ப் பிரிந்து போயின. ஊசியைக் கையில் கொடுக்கவும் பயம். வாழ்நாளெல்லாம் ஊசி பிடித்த கைக்கு நான் செய்தித்தாளை மடிக்கக் கொடுத்தேன். அதைக் கிழித்துப் போட்டாள்.

விடுமுறைக்கு வந்த தங்கையின் பேத்தியிடம் கடையில் வாங்கிய கரடி பொம்மை ஒன்று இருந்தது. அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திருப்பித் தரவில்லை. குழந்தை அழுதது, அம்மா அதைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் போர்வை பிரியவில்லை. ஆனால் பொம்மையின் பிளாஸ்டிக் கண்ணை அவள் நகம் நெம்பத் தொடங்கியதைப் பார்த்தேன். கையில் கிடைத்ததை வாயில் போடும் பழக்கமும் அப்போது வந்திருந்தது. நாமே ஒன்று தைத்துவிடலாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

எம்பிராய்டரி, குரோஷா, ஒயர் கூடை எல்லாம் கை பழகியவைதான். கரடி வேறு ஜாதி. தலைக்கு மூன்று துண்டு: இரண்டு கன்னம், மூக்கு நுனியிலிருந்து பிடரி வரை போகும் ஒரு நடுத்துண்டு. முகத்தை முடிவு செய்வது அந்த நடுத்துண்டுதான். அது அகலமானால் குட்டியின் முகம், குறுகினால் கிழவனின் முகம். நல்ல பக்கம் உள்ளே இருக்க, ரோமத்தை ஊசியால் உள்ளே தள்ளிக்கொண்டே பின்தையல் போட வேண்டும். புரட்டியபிறகு தையலில் மாட்டிய ரோமத்தை ஊசி முனையால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டால் இணைப்பு இருந்த இடமே தெரியாது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து தையல் கோடு மெல்ல மறைவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அடைப்பதற்கு முதலில் இலவம்பஞ்சை நினைத்தேன். போடிநாயக்கனூரிலிருந்து வரும் பஞ்சில்தான் எங்கள் வீட்டுத் தலையணைகள். முதல் உலகப்போருக்குப் பிறகு இங்கிலாந்தில் செய்த கரடிகளிலும் இலவம்பஞ்சு இருந்தது. ஜெர்மனியின் பழைய கரடிகளுக்கு மரச்சீவல். இலவம்பஞ்சு லேசு, தண்ணீர் குடிக்காது, மெழுகுப் பூச்சுள்ள இழை. ஆனால் தோய்த்துப் பிழியத் தாங்காது, நாளாக ஆகப் பொடியாகும். அம்மாவின் கரடி வாரந்தோறும் தோய்க்க வேண்டியது. அதனால் ரெக்ரான் என்ற செயற்கைப் பஞ்சு போட்டேன். மூக்கு நுனியில் முதலில், கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியால் கெட்டியாக அடைக்க வேண்டும். தலை கல்போல் இருந்தால்தான் முகம் நிற்கும். வயிற்றில் மட்டும் பஞ்சைக் குறைத்து, கண்ணாடிப் பாசிகளை இரட்டைத் துணிப்பையில் தைத்து உள்ளே வைத்தேன். மடியில் வைத்தால் ஒரு கனம் தெரிய வேண்டும். கனம் இல்லாத பொம்மையை அம்மாவின் கை சீக்கிரம் மறந்துவிடும் என்று தோன்றியது.

கை கால்களுக்கு வழக்கமாக வட்டத் தகடும் வாஷரும் காட்டர் பின்னும் வைத்து மூட்டு அமைப்பார்கள். எனக்கு உலோகம் வேண்டாம். கோணி ஊசியில் பருத்த நூலைக் கோத்து, உடம்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் வந்து, கை கால்களை இழுத்துக் கட்டினேன். கண்ணுக்கு நெடுநேரம் பிடித்தது. கறுப்புத் தலைக் குண்டூசி இரண்டைக் குத்தி மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரு நூல் அகலம் மேலே போனால் பயந்த முகம், கீழே வந்தால் தூங்குமூஞ்சி. பழைய கரடிகளுக்கு பூட்ஸ் பொத்தான் கண்கள். என் கரடிக்கு ஆங்கர் 403, அதாவது கறுப்பு நூல், நெருக்கமான சாட்டின் தையல். நூலைப் பிடரி வழியாக இழுத்து முடிந்ததும் கண் இரண்டும் கொஞ்சம் உள்ளே அமுங்கி, முகம் எதையோ கேட்பதுபோல் ஆயிற்று.

தைத்த நாட்களில் இந்தப் பொம்மையின் பழைய கதைகளைத் தேடிப் படித்தேன். எல்லோரும் ரூஸ்வெல்ட் கதையைத்தான் சொல்கிறார்கள். 1902 நவம்பரில் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போன அமெரிக்க ஜனாதிபதி கட்டிப்போட்ட கரடியைச் சுட மறுத்தார், கிளிஃபர்ட் பெரிமன் அதைப் பத்திரிகையில் படமாகப் போட்டார், புரூக்ளினில் மிட்டாய்க்கடை வைத்திருந்த மோரிஸ் மிக்டம் கடையில், ரூஸ்வெல்ட்டின் செல்லப்பெயரில், ‘டெடியின் கரடி’ வந்தது. அந்தக் கரடியைச் செய்ததில் அவர் மனைவி ரோஸின் கை இருந்தது என்பதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு ரோஸ்தான் முக்கியம். ஜெர்மனியின் கீங்கன் ஊரில் 1847-இல் பிறந்த மார்கரெட்டே ஷ்டைஃப் இன்னும் முக்கியம். ஒன்றரை வயதில் போலியோ. நடக்க முடியாது, வலது கையில் பலமில்லை. தையல் இயந்திரத்தைத் திருப்பிப் போட்டு, இடது கையால் சக்கரத்தைச் சுற்றித் தைத்தார். 1880 வாக்கில் ஃபெல்ட் துணியில் குட்டி யானைகள் செய்தார். அவை ஊசி குத்திவைக்கும் மெத்தைகள். குழந்தைகள் அவற்றை எடுத்து விளையாடத் தொடங்கினார்கள், தொழில் பொம்மைப் பக்கம் திரும்பிவிட்டது. அவருடைய அண்ணனோ தம்பியோ பெற்ற பிள்ளை ரிச்சர்ட் வரைந்த மூட்டுக் கரடி 1903-இல் லைப்சிக் சந்தைக்குப் போனது, அமெரிக்க வியாபாரி ஒருவர் 3,000 கரடி கேட்டார். இந்தக் கதையில் என் மனம் நின்றது யானையிடம். எதற்காகச் செய்தோம் என்று நாம் நினைக்கலாம். எடுத்த கைதான் அது எதற்கு என்று முடிவு செய்கிறது.

கரடியை அம்மாவிடம் கொடுத்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. திருப்பினாள். முதுகில் நான் கடைசியாக ஏணித் தையல் போட்டு மூடிய இடத்தைக் கட்டைவிரலால் தேடிக் கண்டுபிடித்தாள், ரோமத்தை விலக்கினாள், தையலை அமுக்கிப் பார்த்தாள். “நூல இன்னும் கொஞ்சம் இழுக்கணும் மக்ளே” என்றாள். என்னை மகள் என்று தெரிந்து சொன்னாளா, வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை என்று நினைத்தாளா, தெரியாது. நான் அந்தத் தையலைப் பிரித்து மறுபடி போட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். என் வாழ்க்கையில் நான் தைத்த நல்ல தையல் அதுதான்.

“இது யாருக்க பிள்ள?” என்று அடிக்கடி கேட்பாள். நம்ம பிள்ளைதான் என்போம். “பசிக்கும்லா” என்பாள். சாப்பாட்டு வேளையில் பிடிவாதம் பிடித்தவள், கரடிக்கு ஒரு வாய் காட்டினால் தானும் வாங்கிக்கொண்டாள். அவளைக் குழந்தையாக நடத்துகிறோம் என்று வந்தவர்களில் சிலர் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் எனக்கும் இருந்தது. ஆனால் நான் அவளிடம் குழந்தைத்தனத்தைப் பார்க்கவில்லை. ஒரு தையல்காரியின் கை தனக்குத் தெரிந்த ஒன்றைப் பிடித்திருப்பதைப் பார்த்தேன்.

இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் மறதி நோயாளிகளுக்குக் கம்பளியில் கையுறைபோல் ஒன்று பின்னி, உள்ளும் புறமும் ரிப்பன், மணி எல்லாம் தைத்துக் கொடுக்கிறார்கள். நம் வெயிலுக்குக் கம்பளி ஆகாது. அம்மாவுக்குப் பருத்தியில் ஒரு மடித்துணி தைத்தேன். பட்டுச் சேலைக் கரை ஒரு துண்டு, டவல் துணி ஒரு துண்டு, அசைத்துத் திறக்க ஒரு பெரிய ஜிப், பின்னிப் பிரிக்க மூன்று நாடா. நடுவில் வைக்க வேண்டியது எது என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. பீரோவைத் திறந்து அந்த மேசை விரிப்பை எடுத்து, ஒரு மூலையை வெட்டினேன். சித்தி துடித்துப் போனாள். “அக்கா செஞ்சத வெட்டுதியா?” என்றாள். சித்தியின் கோபம் நியாயமானது. அத்தனை கைவேலை, அத்தனை வருஷப் பாதுகாப்பு. ஆனால் அம்மாவின் விரல் அந்த ரேந்தையின் கண்ணிகளில் ஒவ்வொன்றாகப் புகுந்து போனதைச் சித்தியும் பார்த்தாள். பிறகு அவளே இன்னொரு மூலையைத் தைத்துக் கொடுத்தாள். பீரோவில் மடிந்து கிடந்த அவ்வளவு வருஷத்தில், வெயிலில் காட்டும் நாள் தவிர, அந்த ரேந்தையை யாரும் தொட்டதில்லை. அம்மாவின் கடைசிக் காலத்தில் அது நாள் முழுவதும் தொடப்பட்டது. கைவேலைக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது என்பது என் தீர்மானம்.

கரடியால் நோய் குறையவில்லை. சாயங்காலப் பதற்றம் சில நாள் அடங்கும், சில நாள் அடங்காது. அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகும் தைக்கிறேன், தெரிந்த வீடுகளுக்குக் கொடுக்கிறேன். விற்கலாமே என்கிறார்கள். குழந்தைகளுக்கான பொம்மையை விற்க 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். மத்திய அரசின் கைவினைத் துறையில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. பிழைப்புக்குச் செய்பவர்கள் அவசியம் பதிவு செய்துகொள்ளுங்கள், நல்ல தொழில். எனக்குக் கொடுப்பதே போதும்.

உங்கள் வீட்டில் போர்வையின் இழையை உருவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் இருந்தால், அவர் கை முன்பு என்ன வேலை செய்தது என்று யோசித்துப் பாருங்கள். பூக் கட்டிய கையா, பீடி சுற்றிய கையா, தறியில் இருந்த கையா? அந்தக் கைக்கு ஏற்ற துணியைத் தேர்ந்தெடுங்கள். பீரோவில் அவர் செய்தது ஏதாவது இருந்தால் வெளியே எடுங்கள். கரடி தைக்கத் தெரியாவிட்டால் மடித்துணி தையுங்கள், அதற்கு ஓட்டுத் தையல் போதும். எல்லாம் தோய்க்கக்கூடிய துணியாக இருக்கட்டும், நூலை நன்றாக இழுத்து முடியுங்கள். கண்ணுக்குப் பொத்தான் மட்டும் வைக்காதீர்கள்.