தட்டில் சுழன்ற தோடி

ஓர் இசைத்தட்டைக் கேட்டு இதன் சுவை இன்னதென்று தீர்ப்புக் கூறுமுன், அது நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றியது என்று வினவுதல் வேண்டும். இதனைக் கேட்டு நகைப்பாரும் உளர். எனினும், திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையவர்கள் நாதசுரத்தில் வாசித்த தோடி ஆலாபனையைப் பற்றி எம் தோட்டத்தில் வழங்கிவந்த ஒரு கருத்தை ஆராயப் புகுந்த யாம், இவ்வினாவினின்றே தொடங்க வேண்டியவராயினோம்.

"அது ஓர் அழுகை" என்பதே அக்கருத்து. கடல் கடந்து வந்தவன் பனிமூடிய மலையில் நின்று பிறந்த ஊரை நினைந்து விம்மும் விம்மலென்றே எம் முதியோர் அதனைக் கேட்டனர். கேமரன் மலையில் ரசல் என்னும் ஆங்கிலேயர் 1929இல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதன்பின் காடழித்துக் கொழுந்து வளர்த்தவருட் பெரும்பாலார் தமிழர். விடியுமுன் பெரட்டு, பின்னர்க் கூடை, மாலையில் நிறுவை. இவ்வாறு நாள் கழித்தவர் தம் துயரை அவ்விசையிற் கண்டது வியப்பன்று.

எம் லயத்தில் இருந்தது ஒரே ஒரு கிராமபோன் பெட்டி. லயம் என்னும் சொல் இசையில் காலவொழுங்கையும், தோட்டத்தில் தகரக்கூரை வீட்டு வரிசையையும் குறிக்கும். லயத்து லயம் யாண்டும் சரியாயிருந்ததில்லை என்று எம் தந்தையார் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. சாவி கொடுத்த வில்லின் விசையை ஒரே வேகத்தில் நிறுத்துவதற்கு அப்பெட்டியினுள் மூன்று சிறு எடைகள் சுழலும். மலைக்குளிரில் மசகு இறுகியும், அவ்வெடைகளைத் தாங்கும் உறுப்புகள் தேய்ந்தும் போயின. பழுது பார்ப்பார் ஒருவருமிலர்.

அண்மையில் அப்பெட்டியைச் சோதித்தோம். 77 கோடுகள் வரைந்த வட்டத்தாளைத் தட்டின்மேல் வைத்து, 50 அலைவு மின்சாரத்தில் எரியும் பழைய குழல்விளக்கின்கீழ் ஓடவிட்டால், 78 சுற்றில் அக்கோடுகள் அசையாது நிற்பனபோலத் தோன்றும். எம் பெட்டியிலோ அவை பின்னோக்கி ஓடின. கடிகாரங்கொண்டு எண்ணியபோது கண்டது 70 சுற்றே! பதிவுக்கூடத்திலேயே ஒன்றிரண்டு சுற்று வேறுபடுதல் அக்காலத்தில் உண்டு; எட்டுச் சுற்று அவ்வகையில் அடங்காது.

எட்டுச் சுற்றுக் குறைந்தால் யாது நிகழும்? மூன்று நிமிடத்து வாசிப்பு 20 விநாடி நீளும். சுருதியும் உடன் இறங்கும். இரண்டரைக் கட்டையில் ஒலிக்க வேண்டியது ஒன்றரைக் கட்டையில் ஒலிக்கும். இவ்விரண்டினும் பெரியது மூன்றாவது. தோடி, மேளகர்த்தா எழுபத்திரண்டனுள் எட்டாவது. அதன் உயிர் சுரங்களில் அன்று, சுரங்களின் அசைவில் உள்ளது. காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது ஊசலாடும். தட்டு தளர்ந்தால் அவ்வசைவும் தளரும். வீறுடன் எழுந்த கமகம் விம்மலாக மாறும். வாசித்தவர் அழவில்லை, பெட்டி அழுதது.

மேலைநாட்டாரும் இத்தகைய வழக்கினின்று தப்பினாரல்லர். நேப்பிள்ஸில் 1685இல் பிறந்து மாட்ரிட்டில் 1757இல் மறைந்த ஸ்கார்லாட்டி, 555 சொனாட்டாக்களை இயற்றினார். நரம்பைக் கிள்ளி ஒலிக்கும் ஹார்ப்சிகார்டில் 415 அதிர்வுச் சுருதியில் அவற்றை இன்று வாசிப்போர் உளர். 440இல் பியானோவில் வாசிப்போரும் உளர். இடைவெளி ஏறக்குறைய அரைக்கட்டை. வேகத்தை எண்ணால் குறிக்கும் மெட்ரோனோம் 1815இல் வந்தது. ஆதலின் அவர் எழுதிய 'அல்லெக்ரோ' எவ்வளவு விரைவென்று தட்டுக்குத் தட்டு வழக்காடுகின்றனர். ஒருவர் கையில் துள்ளும் சொனாட்டா மற்றொருவர் கையில் ஏங்குகிறது. ஆயினும் அவ்வேறுபாடு வாசிப்பவர் தெரிந்து செய்வது.

இராசரத்தினம் பிள்ளையவர்களும் தாழ்ந்த சுருதியைத் தெரிந்தே கொண்டார். வீதியுலாவில் முழங்கிய திமிரி நாதசுரம் குட்டையானது, சுருதி உயர்ந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியார் ஆச்சா மரத்தில் கடைந்து தந்த நீண்ட பாரி நாதசுரமோ, சுருதி தாழ்ந்து, அமர்ந்து விரிவாக ஆலாபனை செய்தற்கு ஏற்றதாயிற்று. (அவ்வூர் நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.) திறந்த மார்பும் இடுப்பில் துண்டுமாய்ப் பெரியவர் முன் நின்று வாசிப்பதே நாதசுரக்காரனுக்கு விதியென்றிருந்த காலம் அது. அவரோ குடுமி களைந்து கிராப்பு வைத்து, கோட்டணிந்து, மேடையில் அமர்ந்து வாசித்தார். சுருதி இறங்கிற்று, வாசித்தவர் நிமிர்ந்தார். பிறப்பால் தாழ்த்தும் வழக்கத்துக்கு அவர் விடுத்த மறுப்பு 1956இல் அவர் மறையும்வரை ஓயவில்லை.

பெட்டியின் பழைய மசகைக் கழுவி, எண்ணெயிட்டு, தேய்ந்தவற்றை மாற்றி, வேகத்திருகைத் திருப்பி 78க்குக் கொணர்ந்தோம். கேட்டது வேறொரு தோடி. தொல்காப்பியர் கூறும் எட்டு மெய்ப்பாட்டுள் அழுகை ஒன்று, பெருமிதம் ஒன்று. இத்தட்டு பிந்தியதற்கே உரியது. கல்வியாலும் பெருமிதம் பிறக்குமென்றார் அவர். தன் தொழிலை முற்றக் கற்றவன், எவர்க்கும் கைகட்டாது நடக்கும் நடை இது. தோட்டத் தமிழரைப் பற்றி எழுதுவோரும் பாடுவோரும் நம் கண்ணீரையே நாடுகின்றனர். இரங்குவோர்க்கு அது எளிது. கூலி உயர்த்திக் கேட்பவன் அழுவதில்லை. நம் செவியும் அவ்வழக்கத்துக்குப் பழகிவிட்டதென்பது எம் துணிபு.

கொழுந்து பறித்து ஓய்ந்த, எண்பது கடந்த அம்மையார் ஒருவர் அன்று உடனிருந்து கேட்டார். "இவரு யாரோ பெரிய மனுசர் தம்பி, நம்ம பெட்டியில வாசிச்சவரு எங்களோட இருந்தவரு" என்றார். இருவரும் ஒருவரே என்று விளக்கினோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், மறுபக்கத்தையும் வைக்கச் சொன்னார்.