கடற்கரை நிலையத்திற்கு எதிரே

ஆவடியிலும் அம்பத்தூரிலும் வாழும் நம் குடும்பத்தினர் மின்சார இரயிலேறிச் சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால், எதிரே இராஜாஜி சாலையில் செந்நிறமாய் எழுந்து நிற்பது பொது அஞ்சலகம். அதனைக் கடந்து செல்கின்றோமேயன்றி, நின்று நோக்குவோர் மிகச் சிலரே.

1786 ஜூன் 1 அன்று கோட்டைக்குள் தொடங்கிய இவ்வஞ்சலகத்தின் இருநூறாம் ஆண்டை முன்னிட்டு, 1986-இல் அரசு நினைவுத் தபால் தலை வெளியிட்டது. அச்சிறப்பு அலுவலகத்திற்கே உரியது. கட்டடத்திற்கு அன்று வயது 102தான்! இராபர்ட் சிஷோம் இந்தோ-சாரசெனிக் பாணியில் வடிவமைத்த இம்மாளிகை 1884-இல் எழும்பியது. 2010-இல் ஆறு பாரம்பரிய அஞ்சலகக் கட்டடங்களுக்குத் தபால் தலைகள் வெளிவந்தன. தமிழகத்திலிருந்து உதகமண்டலம் இடம்பெற்றது, சென்னை இல்லை. இதனைக் குறையென்றே நாம் கருதுகின்றோம்.

2000-இல் மூண்ட தீயில் இம்மாளிகையின் உட்பகுதி பெரிதும் சேதமுற்றது. செய்தியறிந்து நம் பகுதி முதியோர் பலர் வருந்தினர். அம்பத்தூர் ஆலைகளுக்கும் ஆவடிப் படைத்தளவாடத் தொழிற்சாலைக்கும் தென்மாவட்டங்களினின்று பிழைக்க வந்தோர் அவர்கள். ஊரிலிருந்த தாய்க்கு மாதந்தோறும் மணியார்டர் அனுப்பி, அவள் கைநாட்டு வைத்த ரசீதுக்காகக் காத்திருந்தவர்கள். அவர்களுக்குத் தபால் என்பது வெறும் காகிதமன்று.

பின்னர் மாளிகை செப்பனிடப்பட்டது. தபால் தலை சேர்க்கும் சிறுவர் உள்ள இல்லத்தார், அடுத்த முறை கடற்கரை நிலையத்தில் இறங்குகையில், அவர்களைச் சாலையின் மறுபுறம் அழைத்துச் சென்று காட்டலாம்.