ஸ்வராஜ் தீவு

அந்தமானில் ஹாவ்லக் என்று வழங்கிய தீவுக்கு 2018-ல் ஸ்வராஜ் தீவு என்று நாமகரணம் ஆயிற்று. அதன் ராதாநகர்க் கடற்கரையில் மாவாய் மிருதுவான வெண்மணல்; அருகே ஓங்கிய விருட்சங்கள்; அஸ்தமனத்தில் பொன்னிறமாகும் சமுத்திரம். கண் கொள்ளாக் காட்சிதான்!

விடுதி வாசமோ வேறு ரகம். வாடகையைக் கேட்டால் உபாத்தியாயர் சம்பளம் நடுங்கும். மணல் ஈக்களோ வாடகையின்றியே உடன் வசிக்கின்றன! வெளியே, தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாய் வந்தோர் காடு திருத்திய கிராமங்கள். அவர்கள் கடைத்தெருவில் உண்ட மீன் குழம்புச் சாதத்துக்கு விடுதி விருந்து ஈடாகாது.

திரும்புகையில், தலைநகரில் 1906-ல் கட்டி முடிந்த செல்லுலர் சிறையைக் கண்டோம். ஏழு கிளைக் கட்டடங்களில் மூன்றே நிற்கின்றன. கைதிகள் ஒருவரையொருவர் காணாதபடி அமைந்த தனி அறைகள். நாம் விளையாடிய கடலே அவர்களுக்குச் சுவராயிற்று. குழந்தைகளுடன் செல்வோர் மணலோடு நில்லாமல் அச்சிறையையும் காட்டுவார்களாக.