சீஸ் வேண்டாம், நெத்திலி போதும்... வீட்டிலேயே இத்தாலி பாஸ்தா!

பாஸ்தா என்றதும் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருவது வெள்ளை க்ரீமும், நூல் நூலாக இழுபடும் சீஸும்தான். பெரியவர்களுக்கோ, 'அய்யோ... மைதா!' என்ற பயம். தென் இத்தாலி மீனவர் ஒருவரிடம் அந்தத் தட்டை நீட்டினால், 'இது எந்த ஊர் சாப்பாடு?' என்று கேட்டாலும் கேட்பார்.

அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ், 1950-களில் நேப்பிள்ஸ் நகரின் உழைக்கும் மக்களுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பதைக் கவனித்தார். 1958-ல் ஏழு நாடுகளில் பெரிய ஆய்வைத் தொடங்கியவர், பிறகு பியோப்பி என்ற மீனவ கிராமத்திலேயே வீடு கட்டிப் பல வருடங்கள் வாழ்ந்தார். அந்த மக்களின் தட்டில் இருந்தவை காய்கறி, பயறு, சின்ன மீன்கள், ஆலிவ் எண்ணெய், அளவான பாஸ்தா. இறைச்சி எப்போதாவதுதான். இந்த உணவுமுறையைத்தான் 2010-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சின்ன மீன், தக்காளி, பூண்டு... இதையெல்லாம் கடலூர் தேவனாம்பட்டினத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டுமா என்ன?

சில்வர் பீச் பக்கம் ஒரு வீடு. அப்பாவுக்கு சுகர் வந்ததிலிருந்து எல்லோரும் சோறும் குழம்புமாக உட்கார, அவர் மட்டும் தனியாக இரண்டு சப்பாத்தியோடு ஒதுங்கிவிடுவார். சென்னையில் வேலை பார்க்கும் மகள் பாஸ்தா பாக்கெட்டோடு வந்தபோது, அம்மாவுக்குக் கோபம்.

"ஏன்டி, அப்பாவ வச்சுக்கிட்டு இந்த வெள்ளக்காரன் சேமியாவ வாங்கியாந்திருக்க?"

"பாக்கெட்டத் திருப்பிப் பாரும்மா. மைதா இல்ல, ரவை."

"ரவையோ கிவையோ, மீனு இல்லாம எறக்குனா நான் தொட மாட்டேன்."

அம்மா அறியாமல் சொன்னது, அசல் இத்தாலி சமையல்!

துரும் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையில் செய்த பாஸ்தாவாகப் பார்த்து வாங்க வேண்டும். மைதாவில் செய்தவையும் கடையில் உண்டு. இத்தாலியில் ஆளுக்கு 80 கிராம்தான் கணக்கு. சுகர் உள்ளவர்கள் இன்னும் குறைத்து, மீனையும் காயையும் கூட்டிக்கொள்ளலாம் (அளவை டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது). 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க வேண்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே இறக்கிவிடுங்கள். கடித்தால் பல்லில் லேசாகத் தட்டுப்பட வேண்டும். குழைந்துபோனால் ருசியும் போச்சு, சர்க்கரையும் ரத்தத்தில் வேகமாக ஏறும். வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து வைப்பது முக்கியம்.

வாணலியில் இரண்டு ஸ்பூன் ஆலிவ் எண்ணெய். இல்லையா, செக்குக் கடலெண்ணெய் ஊற்றுங்கள், ஒன்றும் குடிமுழுகாது. சீவிய பூண்டு, கிள்ளிய மிளகாய், நறுக்கிய தக்காளி வதங்கியதும், தலையும் குடலும் நீக்கிய நெத்திலி. ஐந்தே நிமிடம்! மேலே போனால் மீன் கரைந்துவிடும். பாஸ்தாவையும் அந்தக் கரண்டித் தண்ணீரையும் சேர்த்து ஒரு புரட்டு, எலுமிச்சை, கொத்தமல்லி. மீன் பாஸ்தாவில் இத்தாலிக்காரர்கள் பெரும்பாலும் சீஸ் போடுவதில்லை. தென்பகுதி ஏழை வீடுகளில் சீஸுக்குப் பதிலாகப் பழைய ரொட்டித் தூளை வறுத்துத் தூவினார்கள். மொறுமொறுவென்று இருக்கும்.

அன்று அப்பாவும் எல்லோரோடும் ஒரே பாயில் உட்கார்ந்தார். "புளி கொஞ்சம் கம்மி" என்றார். அம்மா தட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

சைவ வீடுகளில் மீனுக்குப் பதில் வேகவைத்த கொண்டைக்கடலை போடலாம். அதுவும் இத்தாலியில் பழைய சேர்க்கைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் நெத்திலி கிடைக்காவிட்டால், கருவாடு இருக்கிறதே! வெந்நீரில் ஊறவைத்து அலசிப் போடுங்கள். அன்றைக்கு மட்டும் உப்பு டப்பாவைத் தொடவே வேண்டாம்.