சுமைப் பங்கீடு

கணினி வலையமைப்புகளைப் பற்றிப் பேசுவோரிடையே ஒரு நம்பிக்கை நிலவுகின்றது. சுவிட்ச் எனப்படும் ஆளிகள் இரண்டுக்கிடையே ஒரு வடத்துக்குப் பதிலாக இரண்டு வடங்களைப் பூட்டி, அவற்றை ஒன்றெனக் கருதுமாறு பணித்துவிட்டால், தரவு இருமடங்கு வேகத்தில் ஓடும் என்பதே அது. இது அரை உண்மை. அரை உண்மையால் விளையும் அல்லலை, ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையிலே நான் நேரிற் கண்டேன்.

தமிழ்மொழி மூலம் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் ஆசிரியர்கள் போதாமை பெருந்தோட்டப் பாடசாலைகளின் பழைய நோய். இப்பாடசாலையில் அதற்கொரு மாற்றுக் கண்டிருந்தனர். பதிவு செய்யப்பட்ட பௌதிகவியல் பாடங்களை அலுவலகச் சேவையகத்தில் இட்டு, மேல்மாடியிலே 40 கணினிகளில் உயர்தர வகுப்பு மாணவரைப் பார்க்கச் செய்தனர். ஒரு காணொளிக்கு ஏறத்தாழ 3 மெகாபிட், நாற்பதுக்கு 120. வடமொன்று 100 மெகாபிட் தாங்கும். இரண்டு வடங்கள் இருந்தன. ஆயினும் முப்பத்தைந்தாவது மாணவன் அமர்வதற்குள் எல்லோருடைய திரையிலும் ஆசிரியரின் வாய் திறந்தபடியே உறைந்து நிற்கும்.

பல வடங்களை ஒன்றாய்க் கட்டும் முறை 2000ஆம் ஆண்டில் 802.3ஏடி என்னும் நியமமாக வெளியாயிற்று, 2008இல் 802.1ஏஎக்ஸ் என்னும் தனி நியமமானது. அதன் எல்.ஏ.சி.பி. நெறிமுறை, இரு முனைகளும் கட்டுக்கு உடன்படுகின்றனவா என்று மட்டுமே பார்க்கும். எந்தப் பொதியை எந்த வடத்தில் விடுவதென்பதை அனுப்பும் ஆளி தானாகவே முடிவு செய்யும். பொதிகளை ஒன்றுவிட்டு ஒன்றாய்ப் பிரித்து அனுப்பலாமே என்று கேட்கத் தோன்றும். அனுப்பினால் அவை வரிசை குலைந்து போய்ச் சேரும். பெறுங்கணினி இடையிலே பொதி தொலைந்ததென மயங்கும். அனுப்புங்கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே ஓர் உரையாடல் முழுவதும் ஒரே வடத்தில் செல்லவேண்டும் என்பது விதி.

என் தாயார் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலே கொழுந்து பறித்தவர். அங்கும் ஒருத்தியின் கூடையைப் பாதி ஒரு தராசிலும் மீதி மற்றொன்றிலும் நிறுப்பதில்லை, கணக்கு குழம்பிவிடும். தராசு இரண்டிருந்தால் யார் எங்கே போவது என்று தீர்மானிக்க ஒரு கேள்வி வேண்டும். கணக்கப்பிள்ளை, "எந்தப் பிரிவிலிருந்து வருகிறாய்?" என்று மட்டும் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அன்று எல்லோரும் ஒரே பிரிவினராயின் ஒரு தராசின் முன்னே நிரை நீளும். மற்றது வெறுமனே தொங்கும்.

பாடசாலையில் நிகழ்ந்ததும் இதுவே. சிஸ்கோவின் பழைய ஆளிகள் பலவற்றில், மாற்றாதவரை, அனுப்புபவரின் மெக் முகவரியே அக்கேள்வி. அதிலிருந்து 0 முதல் 7 வரை ஓர் எண் கணிக்கப்படும்; வடங்கள் இரண்டாயின் நான்கு எண்கள் ஒன்றுக்கு, நான்கு மற்றதற்கு. பாடங்களையெல்லாம் அனுப்புவது ஒரே சேவையகமாதலால் எண்ணும் ஒன்றே, வடமும் ஒன்றே. எதிர்த்திசையில் மாணவரின் சிறு கோரிக்கைகள் நாற்பது முகவரிகளிலிருந்து வந்தமையால் இரு வடங்களிலும் பரவின. அதனால் இரு விளக்குகளும் சிமிட்டிக்கொண்டே இருந்தன; எவருக்கும் ஐயம் எழவில்லை.

"தம்பி, மூன்றாவது வயரையும் இழுத்துப் பார்ப்போமா?" என்றார் அதிபர்.

"இழுத்தாலும் எல்லாம் ஒன்றிலேதான் போகும், சேர். கேள்வியை மாற்றுவோம்" என்றேன்.

அனுப்புபவர், பெறுபவர் இருவரின் ஐ.பி. முகவரிகளையும் சேர்த்துக் கணிக்குமாறு ஒரே வரியில் கட்டளையிட்டோம். இக்கட்டளை ஆளியிலுள்ள எல்லாக் கட்டுகளுக்கும் பொதுவானது என்பதைப் புதியோர் மனங்கொள்ளவேண்டும். பின்னர் எண்ணிப் பார்த்தால் 22 மாணவர் ஒரு வடத்திலும் 18 பேர் மற்றதிலும் இருந்தனர். 66 மெகாபிட், 54 மெகாபிட். பாடம் தடையின்றி ஓடிற்று.

எனினும் இதனைச் சமநீதி என்று கூற என் மனம் ஒப்பவில்லை. ஆளி தலைகளை எண்ணுகின்றது, பாரத்தை நிறுப்பதில்லை. தோட்டமோ பாரத்தை நிறுக்கின்றது. அது எந்தச் சரிவில், எந்த மழையில் பறித்த கொழுந்தென்று கேட்பதில்லை. நிறை குறைந்தால் அரைப்பேர்தான். இவற்றுள் எது கொடிது என்று தாயாரிடம் கேட்டிருந்தால் அவர் தயங்கியிருக்கமாட்டார்.

ஆளியின் இக்குறை மறுவாரமே வெளிப்பட்டது. சேவையகத்தின் பிரதியொன்று மாலைதோறும் மேல்மாடிக் கணினிக்குப் போகும். அது ஒரே உரையாடல், ஆனால் யானை. அது புகுந்த வடத்திலே அகப்பட்ட மாணவரின் திரைகள் மீண்டும் உறைந்தன. மற்ற வடத்தார் நிம்மதியாய்ப் படித்தனர். முகவரியை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் யானையை இரு கூறாக்க இயலாது. பிரதியெடுப்பை இரவு பத்து மணிக்கு மாற்றினோம். 100 கிகாபைட்டைக் கொண்டுசெல்ல ஒரு வடம் இரண்டேகால் மணி நேரமாவது எடுக்கும். அவ்வேளையில் மேல்மாடியில் எவரும் இருப்பதில்லை.