இன்றிரவு என்ன?

இல்லறத்தார் நாடோறும் விடையிறுக்க வேண்டிய வினாக்கள் பலவற்றுள், எளியதுபோலத் தோன்றி மிகவும் இடர்ப்படுத்துவது ஒன்றுண்டு. அஃது, 'இன்றிரவு என்ன?' என்பதே. விடுதியில் உறையும் மாணவ நண்பர்கள் இவ்வினாவைச் சமையற்கட்டின் வாயிலில் நின்று கேட்டு, விடை செவியிற் பட்ட அளவிலே முகஞ் சுளித்துத் திரும்புதலை யாம் பன்முறை கண்டிருக்கின்றோம். யாமும் எம் மாணவப் பருவத்தில் அங்ஙனம் சுளித்தவரே. ஆயின், கேட்பவரினும் விடை கூறுபவர் படும் பாடே பெரிது என்பதை 2022-ஆம் ஆண்டிலேதான் யாம் உணரலாயினோம். அவ்வுணர்ச்சி எமக்கு வாய்த்த வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

எம் இல்லம் பாளையங்கோட்டையில் உள்ளது. தந்தையார், அன்னையார், யாம், எம் மனைவி, மக்கள் இருவர் ஆக அறுவர் அதன்கண் வாழ்கின்றோம். தந்தையார் திருநெல்வேலிச் சீமையிற் பிறந்து அதன் சுவைகளிலேயே வளர்ந்தவர். மணவினை முடிந்தபின் மறுவீட்டு விருந்தில் இந்நாட்டார் படைக்கும் சொதியை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. தேங்காய்ப் பாலில் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் பிற காய்களும் பாசிப்பருப்பும் வெந்து குழைந்திருக்க, இஞ்சித் துவையல் அருகிருப்பின் தந்தையார்க்கு வேறு விருந்து வேண்டா. கொல்லையில் நிற்கும் முருங்கையும் அவர் தம் கையால் நட்டதே.

அவ்வாண்டு ஆனித் திங்களில் தந்தையார்க்குக் கால்கள் வீங்கின; சோர்வும் மிகுந்தது. மருத்துவர் உதிரத்தைச் சோதித்து, சிறுநீரகங்கள் தம் தொழிலிற் பெரிதும் தளர்ந்துவிட்டன என்றார். உணவின் வழியே உடலிற் புகும் பொட்டாசியம் என்னும் சத்தை நன்னிலையிலுள்ள சிறுநீரகம் வேண்டுமளவு நிறுத்தி, மிகுதியை வெளியேற்றிவிடும். தளர்ந்த சிறுநீரகம் அதனைச் செய்யமாட்டாது. உதிரத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருத்தற்குரிய அச்சத்து, தந்தையார்க்கு 5.9 இருந்தது. அஃது இன்னும் ஏறுமாயின் நெஞ்சின் துடிப்பே பிறழும் என்று மருத்துவர் உரைத்தபோது, எம் நெஞ்சும் ஒருகணம் பிறழ்ந்தது.

பின்னர் அவர் விலக்கத் தக்கவற்றை ஒரு தாளில் எழுதித் தந்தார். தக்காளி, உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், முருங்கைக்கீரை, பிற கீரைகள், வாழைக்காய், சேனை, இளநீர் என அவ்வரிசை நீண்டது. அன்னையார் அதனை இருமுறை படித்துவிட்டு, "நம் வீட்டுச் சமையலை நேரிற் கண்டவர் எழுதியதுபோல் இருக்கிறதே!" என்றார்கள்.

தாளின் அடியில் இருந்த மற்றொரு கட்டளை அன்னையாரை இதனினும் வருத்தியது. ஏனைக் காய்களையும் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் நெடுநேரம் ஊறவைத்து அந்நீரைக் கொட்டுக. பின்பு மிகுந்த நீரில் வேகவைத்து அந்நீரையும் கொட்டுக என்பதே அது. அன்னையார் தொடக்கப்பள்ளியில் 31 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவர்கள். 'காயை நறுக்கிய பின் கழுவலாகாது. வேகவைத்த நீரைக் கொட்டலாகாது. கொட்டின் சத்தெல்லாம் நீரோடு போம்' என்று எத்தனையோ வகுப்புகளுக்குப் பாடஞ் சொன்னவர்கள். அப்பாடம் பொய்யன்று. சத்து நீரோடு போகும் என்பது உண்மையாதலினாலேதான் மருத்துவரும் அந்நீரைக் கொட்டச் சொன்னார். பிறர்க்கு ஆக்கமாவது ஒருவர்க்குக் கேடாதலும் உண்டன்றோ? எனினும் முதன்முறை அந்நீரைக் கவிழ்த்தபோது அன்னையாரின் கை தயங்கியதை யாம் கண்டோம்.

தொடக்கத்தில் யாம் கண்ட வழி, இரு சமையல் சமைத்தல். தந்தையார்க்கு வெந்த சுரைக்காயும் சோறும் மாலை ஏழு மணிக்கே ஆயின. எமக்கு எட்டரை மணிக்கு வழக்கம்போல் உருளைக்கிழங்கு வறுவலும் தக்காளிக் குழம்பும் ஆயின. தாளிக்கும் மணம் எழும்போது தந்தையார் மெல்ல எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார்கள். குறையென ஒரு சொல்லும் அவர்கள் வாயினின்று வந்ததில்லை. இரண்டு திங்களில் உடல் நான்கு கிலோ மெலிந்தது. அவற்றினும் எம்மை உறுத்தியது, 'இன்றிரவு என்ன?' என்று அவர்கள் கேளாதொழிந்தமையே. விடை முன்னரே தெரிந்த வினாவை எவர் கேட்பார்?

இடையில் எம் அன்பு மிகுதியால் நேர்ந்த பிழை ஒன்றையும் மறையாது சொல்லவேண்டும். உப்பையும் குறைக்க வேண்டும் என்றிருந்தமையால், உறவினர் ஒருவர் 'சோடியம் குறைந்த உப்பு' என்று ஒரு பொட்டலம் கொணர்ந்தார். யாம் மகிழ்ந்து அதனையே வழங்கினோம். அடுத்த முறை சென்றபோது மருத்துவர் அதனைக் கேட்டுத் திடுக்கிட்டார். "பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்தீர்களா?" என்றார். படித்தோம். குறைந்த சோடியத்தின் இடத்தில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டிருந்தது! வாயிலை அடைத்துவிட்டுச் சாளரத்தைத் திறந்துவைத்த கதையாயிற்று எம் கதை. படித்தவர் என்று பெயர் கொண்ட யாம் ஒரு பொட்டலத்தைப் படியாமற் போனோம். இத்தகைய நோயுடையார் இல்லங்களில் இப்பிழை நேராதிருத்தற்பொருட்டே இதனை இங்கு எழுதுகின்றோம்.

இருசமையல் ஏற்பாட்டைக் குலைத்தவன் எம் இளைய மகன். ஏழு வயதினன். ஓரிரவு அவன், "தாத்தா என்ன தப்புச் செய்தார்கள்? ஏன் தனியாக உட்கார வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டான். பள்ளியில் குற்றஞ் செய்தவனைத் தனியே இருத்துதலை அவன் கண்டிருக்கின்றான். எங்களுள் எவரும் விடை கூறவில்லை. அன்னையார் மட்டும் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நாளை முதல் இராத்திரிக்கு ஒரே பானை" என்றார்கள்.

அன்று முதல் இரவுணவு அறுவர்க்கும் ஒன்றே ஆயிற்று. மக்களுக்குக் கீரையும் தக்காளியும் வேண்டுமாதலின், அவை பகலுணவிற்கு ஒதுக்கப்பட்டன. ஆயின் ஒரே பானையில் நாடோறும் எதனை இடுவது? எஞ்சிய காய்கள் சுரை, பீர்க்கு, புடல், கோவை, முட்டைக்கோசு, சௌசௌ முதலிய சிலவே. முதல் வாரம் முடியுமுன் மூத்த மகள் முகஞ் சுளித்தாள். எம் பழைய முகமே எமக்குத் தெரிந்தது.

யாம் அன்னையாரைத் தேற்றும் கருத்தால் சிறிது சரித்திரம் பேசினோம். "உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. 1498-இல் போர்த்துக்கேசியர் கோழிக்கோட்டில் வந்திறங்கும் முன்னர் நம் நாட்டில் அவற்றைக் கண்டாரில்லை. மிளகாயும் அங்ஙனமே, மிளகே நம் பழங்காரம். அவையின்றியே நம் முன்னோர் இரவுதோறும் உண்டனர் அல்லரோ?" என்றோம். அன்னையார் சிரித்து, "முருங்கை எந்தக் கப்பலில் வந்தது?" என்று கேட்டார்கள். யாம் வாய் மூடினோம். இவ்விலக்கு நாடு பார்த்து வந்ததன்று. நோய் பார்த்து வந்தது.

அதன்பின் அன்னையார் பழைய சிலேட்டுப் பலகை ஒன்றைத் தேடியெடுத்துப் பள்ளிக் கால அட்டவணைபோல் ஏழு கட்டம் வகுத்தார்கள். காய் புதியதன்றாயினும், நறுக்கும் வடிவும் சேர்க்கையும் புதியனவாகலாம் என்பதே அவ்வட்டவணையின் சூத்திரம். நனைத்துக் கொட்டும் முறை எல்லாக் காய்க்கும் பொதுவாதலின் அதனை மீண்டும் கூறேம். சுரைக்காயைத் துண்டுகளாக அவித்து, நீர் வடித்து மசித்து, அரிசி மாவில் மிளகும் சீரகமும் கூட்டிப் பிசைந்து அடை தட்டினார்கள். பீர்க்கங்காயைத் துவையலாக்கித் தோசைக்குத் தந்தார்கள். கோவைக்காயைச் சக்கரங்களாக அரிந்து, மொறுமொறுவென வதக்கிச் சோற்றிற்கு வைத்தார்கள். இடியாப்பத்தை உதிர்த்து, நூலாய் அரிந்த முட்டைக்கோசும் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, எலுமிச்சஞ் சாறு பிழிந்த இரவில், மக்கள் இருவரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினர். புடலங்காய் வளையங்களை அரிசி மாவிற் புரட்டித் தோசைக்கல்லில் வாட்டியது மற்றோரிரவு. சௌசௌவும் சிறிதே பாசிப்பருப்பும் மிளகும் கூடிய கூட்டு மற்றோரிரவு. புளியைக் குறைத்த இடத்திலும் தக்காளியை நீக்கிய இடத்திலும் எலுமிச்சை வந்து அமர்ந்தது. உப்புக் குறைந்த இடத்தை இஞ்சியும் மிளகும் நிரப்பின.

ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் மட்டும் நெடுநாள் வெறுமையாக இருந்தது. அன்னையார் ஒருநாள் மருத்துவரிடமே நேரிற் சென்று, "தேங்காய்ப் பால் எவ்வளவு கொடுக்கலாம்?" என்று கேட்டு வந்தார்கள். அன்றிரவு நீர்த்த பாலில், முறைப்படி நனைத்து வடித்த பீன்சும் சௌசௌவும் இட்டு, இஞ்சியும் எலுமிச்சையும் சேர்ந்த ஒரு குழம்பு சிறு கிண்ணத்தில் வந்தது. தந்தையார் சோற்றிற் பிசைந்து ஒரு கவளம் உண்டார்கள். யாவரும் அவர்கள் முகத்தையே நோக்கினோம். "இது சொதி இல்லை" என்றார்கள். சிறிது பொறுத்து, "ஆனாலும் இன்னுங் கொஞ்சம் ஊற்று" என்றார்கள். "கிண்ணம் ஒன்றுதான்" என்று அன்னையார் மறுத்துவிட்டார்கள். மறுத்தவர்களின் கண்கள் நனைந்திருந்தன.

ஆறு திங்கள் கழித்துச் சோதித்தபோது உதிரத்திற் பொட்டாசியம் 4.8 என நின்றது. நோய் நீங்கிற்று என்று சொல்லோம். சிறுநீரகம் இழந்த வலிமையை உணவு மீட்டுத் தாராது. மேலும் தளராதபடி துணைநிற்கும், அவ்வளவே. எம் இல்லத்து அட்டவணை பிற இல்லத்திற்குப் பொருந்தும் என்றும் சொல்லோம். ஒவ்வொருவர்க்கும் விலக்கத் தக்கது வேறாதலின், அதனை அவரவர் மருத்துவரே வரையறுக்க வேண்டும்.

கொல்லை முருங்கை இன்றும் காய்க்கின்றது. தந்தையார் காய்களைப் பறிக்கச் செய்து, கட்டுக்கட்டாக அண்டை வீடுகளுக்கு அனுப்புகின்றார்கள். மறுநாட் காலையில் வேலியருகே நின்று, "நேற்று அதை என்ன வைத்தீர்கள்?" என்று தவறாது வினவுகின்றார்கள். அவர்கள் சொல்வதைச் சுவைத்துக் கேட்கின்றார்கள். இதனை முதலிற் கண்டபோது எமக்குத் துயரமே மிகுந்தது. இப்போது அங்ஙனம் இல்லை. ஏனெனில், மாலையானதும் அவர்களே சமையலறை வாயிலில் வந்து நின்று, சிலேட்டை எட்டிப் பார்த்து, "இன்றிரவு என்ன?" என்று கேட்கின்றார்கள்.

மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு இல்லஞ் செல்லும்போது நீவிரும் இவ்வினாவைக் கேட்பீர். கேண்மின்; ஆயின் விடை எதுவாயினும் முகஞ் சுளியாது, வீட்டில் உள்ளார் அனைவரோடும் ஒருங்கே அமர்ந்து உண்மின். தனியே உண்பார் ஒருவர் அவ்வீட்டில் இருப்பாராயின், உம் இலையை எடுத்துக்கொண்டு அவரருகே செல்மின்.